கையெழுத்தைப் பார்க்கும் முன் படத்தைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: "பேப் ரூத், மிக்கி மேன்டில், வில்லி மேஸ் மாதிரி பேஸ்பால் ஜாம்பவான்கள் கையெழுத்துப் போட்ட புகைப்படங்களைச் சேகரிக்க ஆசை. தொடக்கத்தில் 300 டாலர் வரை ஒதுக்க முடியும். எங்கிருந்து ஆரம்பிப்பது? போலியிடம் மாட்டாமல் இருப்பது எப்படி? வேறு யாரோ ஒருவர் பெயருக்கு எழுதிக்கொடுத்த படத்தை வாங்கலாமா? வாங்கினால் எப்படிப் பாதுகாப்பது?"

முதலில் பணத்தைப் பேசிவிடலாம். 300 டாலருக்கு பேப் ரூத் கிடைக்க மாட்டார். அவர் கையெழுத்துக் கேட்டவர்களிடம் முகம் சுளிக்காதவர். மைதான வாசலில், ஹோட்டலில், ரயில் நிலையத்தில் என்று நீட்டிய இடத்திலெல்லாம் எழுதிக் கொடுத்தவர். அப்படியும் அவர் கையெழுத்திட்ட நல்ல படம் ஒன்று சில ஆயிரம் டாலருக்குக் கீழே வருவதில்லை, தேடுகிறவர்கள் அவ்வளவு பேர். 300 டாலருக்கு யாராவது தருகிறேன் என்றால் அந்த விலையே பதில் சொல்லிவிடுகிறது. மேன்டிலும் மேஸும் உங்கள் தொகைக்கு எட்டியும் எட்டாமலும் நிற்கிறார்கள். ஆனால் 300 டாலர் சின்னத் தொகை இல்லை. அதற்குள் அருமையான படங்கள் இருக்கின்றன, கீழே சொல்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் கண் நேராகக் கையெழுத்துக்குத்தான் போகும். நான் படத்தைத்தான் முதலில் பார்ப்பேன். எந்தத் தருணம் அதில் இருக்கிறது, இந்தத் தாள் எந்தக் காலத்தில் அச்சானது, பின்புறம் என்ன முத்திரை இருக்கிறது, இதெல்லாம் தெரிந்த பிறகுதான் கையெழுத்து. சேகரிப்பின் சந்தோஷமும் அதில்தான் இருக்கிறது, போலியிலிருந்து பாதுகாப்பும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

சந்தோஷத்திலிருந்து தொடங்குவோம். எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு பேர் கையெழுத்துள்ள படங்கள், அதிலும் எதிரெதிரே நின்ற இரண்டு பேர். 1951 அக்டோபர் 3, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். லீக் பட்டத்துக்காக ஜயன்ட்ஸும் டாட்ஜர்ஸும் மோதிய மூன்றாவது, கடைசி ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதியில் ஜயன்ட்ஸ் பின்தங்கியிருக்கிறது. டாட்ஜர்ஸுக்காகப் பந்து வீச வந்தவர் ரால்ஃப் பிராங்கா, ஜயன்ட்ஸுக்காக மட்டையோடு நின்றவர் பாபி தாம்சன். இடதுபுறச் சுவரைத் தாண்டிப் பந்து போனதும் ஆட்டம் 5-4 என்று ஜயன்ட்ஸ் வெற்றியோடு முடிந்துவிட்டது. அந்த ஒரு வீச்சு பிராங்காவின் பெயரோடு வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டது. அவரோ ஒதுங்கிப் போகவில்லை. பல வருடங்கள் தாம்சனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, தன் தோல்வியைக் காட்டும் அந்தப் படத்தில் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். அந்த சீசனில் ஜயன்ட்ஸ் அணி தொலைநோக்கி வைத்து எதிரணி கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) தன் பந்து வீச்சாளருக்குக் காட்டும் சைகைகளைத் திருடியது என்ற விவரம் 2001-இல் பத்திரிகையில் விரிவாக வெளிவந்தது. அதற்குப் பிறகும் இருவரும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டார்கள். தாம்சன் 2010-இலும் பிராங்கா 2016-இலும் காலமானார்கள். நிறையப் போட்டுக் கொடுத்ததால் இந்தப் படம் இன்றும் உங்கள் தொகைக்குள் தாராளமாகக் கிடைக்கும். ஒரே ஒரு படம்தான் வாங்கலாம் என்றால் இதை வாங்குங்கள் என்பேன்.

இதே வரிசையில் இன்னும் சில. 1956 அக்டோபர் 8, இரண்டு லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் உலகத் தொடரில் டான் லார்சன் ஒரு எதிரணி வீரரைக்கூட முதல் பேஸ் ஏறவிடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தார். உலகத் தொடர் வரலாற்றில் அப்படி நடந்தது அந்த ஒரே முறைதான். முடிந்த நொடியில் கேட்சர் யோகி பெர்ரா ஓடிப்போய் லார்சன்மேல் தாவி ஏறிக்கொண்ட படத்தில் இருவர் கையெழுத்தும் இருப்பது பரவலாகக் கிடைக்கும். 1974 ஏப்ரல் 8 அன்று ஹேங்க் ஆரன் 715-ஆவது ஹோம் ரன் அடித்து ரூத்தின் 714-ஐத் தாண்டினார். அந்தப் பந்தை வீசியவர் ஆல் டவ்னிங். இருவர் சட்டையிலும் அன்று ஒரே எண், 44. இருவரும் கையெழுத்திட்ட படங்கள் இருக்கின்றன.

ஜாக்கி ராபின்சன் 1955 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் ஹோம் பேஸைத் திருடிய, அதாவது பந்து அடிபடாமலேயே ஓடிவந்து கடைசி பேஸைத் தொட்டு ரன் எடுத்த படமும் உண்டு. கேட்சர் யோகி பெர்ராதான். நடுவர் சேஃப், அதாவது அவுட் இல்லை என்றார். பெர்ரா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் அந்தப் படத்தில் கையெழுத்துப் போடும்போது, "அவர் அவுட்" என்று சேர்த்து எழுதிக் கொடுத்தார். ராபின்சன் 1972-இலேயே இறந்துவிட்டதால் அவர் கையெழுத்துள்ள பிரதி எட்டாத விலை. பெர்ராவின் அந்த ஒரு வரியோடு இருக்கிற பிரதியைச் சாதாரண சேகரிப்பாளரும் வாங்கலாம். படமும் எழுத்தும் ஒன்றுக்கொன்று பதில் பேசுகிற இப்படிப்பட்ட பொருளைத்தான் தேட வேண்டும். வெறும் முகத்தை மட்டும் காட்டும் ஸ்டுடியோ படத்தில் பெரிய பெயர் இருப்பதைவிட இது எனக்கு உயர்ந்தது.

செலவு குறைவாக ஆரம்பிக்க வேண்டுமா, கை தாராளமான ஜாம்பவான்களைப் பிடியுங்கள். பாப் ஃபெல்லர் 2010-இல் இறக்கும்வரை ஊர் ஊராகப் போய்க் கையெழுத்துப் போட்டவர். 8-க்கு 10 அங்குல அளவில் அவர் படம் 50 டாலருக்குள்ளேயே கிடைக்கும். ஹார்மன் கில்லபிரூவின் கையெழுத்தில் ஒவ்வோர் எழுத்தையும் படிக்கலாம். ரசிகன் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது யார் எழுதியது என்று தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை; கிறுக்கிவிட்டுப் போகும் இளைய வீரர்களைக் கூப்பிட்டுக் கண்டித்தவர். மூன்றாவது பேஸில் நின்ற புரூக்ஸ் ராபின்சனும் அந்த ரகம்தான். இவர்களுக்குப் போலி போட்டுப் பெரிய லாபம் கிடையாது என்பதால் புதியவருக்கு ஆபத்தும் குறைவு.

சரி, இப்போது போலி விஷயம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும்.

கையெழுத்தின் வளைவு சுழிவுகளை நம்மைப்போன்றவர்கள் பார்த்து முடிவு செய்வது கடினம். தாளும் மையும் சொல்லும் காலக்கணக்கை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பால் பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945 அக்டோபரில். ரூத்தோடு ஒரே அணியில் ஆடிய லூ கெரிக் இறந்தது 1941 ஜூன் 2. அதனால் பால் பாயின்டில் எழுதிய கெரிக் கையெழுத்து என்று ஒன்று இருக்க முடியாது. ஷார்ப்பி என்ற மார்க்கர் பேனா 1964-இல் வந்தது. பழைய ஜாம்பவான்களில் ரூத் 1948-இலும், சை யங், ஹோனஸ் வாக்னர் இருவரும் 1955-இலும், டை காப் 1961-இலும் போய்விட்டார்கள். இவர்களில் யார் பெயராவது ஷார்ப்பியின் தடித்த கோட்டில் இருந்தால் அங்கேயே மூடி வைத்துவிடலாம்.

அடுத்து படத்தைத் திருப்புங்கள். பழைய பத்திரிகைப் படங்களின் பின்புறத்தில் செய்தி நிறுவனத்தின் முத்திரை இருக்கும், சில நேரம் தட்டச்சு செய்த விளக்கக் குறிப்பு ஒட்டியிருக்கும், தேதியும் குத்தியிருக்கும். யுனைடெட் பிரஸ், இன்டர்நேஷனல் நியூஸ் சர்வீஸ் என்ற இரண்டு செய்தி நிறுவனங்கள் இணைந்து யு.பி.ஐ. ஆனது 1958-இல். யு.பி.ஐ. முத்திரை குத்திய தாளில் ரூத் எப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பார்? முகவரி முத்திரையில் ஐந்து இலக்க ஜிப் குறியீடு (அமெரிக்க அஞ்சல் குறியீடு) இருந்தால் அந்தத் தாள் 1963-க்குப் பிந்தியது. பிளாஸ்டிக் பூச்சுள்ள, வளையாமல் வழவழவென்று நிற்கும் தாள் 1970-களுக்கு முன் கறுப்பு வெள்ளையில் புழக்கத்திலேயே இல்லை.

இன்னொரு எளிய கருவி, கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தாளை வெண்மையாகக் காட்டும் ரசாயனங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். இருட்டறையில் அந்த விளக்கைக் காட்டினால் அப்படிப்பட்ட தாள் நீல வெள்ளையாகப் பளிச்சென்று ஒளிரும். 1930-ஆம் வருடப் படம் என்று கொடுக்கப்பட்டது ஒளிர்ந்தால் பேச்சு முடிந்தது. விளக்கும், பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்றும் சேர்த்து 30 டாலருக்குள் அடங்கும். பூதக்கண்ணாடி எதற்கென்றால், கையெழுத்து படத்தோடு சேர்ந்தே அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க. அச்சு என்றால் கோடு சின்னச் சின்னப் புள்ளிகளாக உடையும், அல்லது படத்தோடு ஒரே தளத்தில் இருக்கும். உண்மையான மை மேலே படிந்து நிற்கும். படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் தனியாக மினுங்கும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். தாள் பொருந்தாவிட்டால் போலி என்று உறுதியாகச் சொல்லலாம். பொருந்தினால் அசல் என்று சொல்ல முடியாது. தேர்ந்த மோசடிக்காரர்கள் கையெழுத்தில்லாத அசல் பழைய படத்தை வாங்கி, அதில் ஊற்றுப் பேனாவால் எழுதுகிறார்கள். அங்கேயும் படம் உதவும். பழைய தாளின் மேற்பூச்சில் நுண்ணிய வெடிப்புகளும் மடிப்புக் கோடுகளும் இருக்கும். கையெழுத்து முதலிலும் வெடிப்பு பிறகும் வந்திருந்தால் கோடும் சேர்ந்து உடைந்திருக்கும். வெடித்த தாளில் நேற்று எழுதியிருந்தால் மை அந்த வெடிப்புக்குள் இறங்கிக் கசிந்திருக்கும்.

வீரரின் கையெழுத்தும் வயதோடு மாறுகிறது. ரூத் ஆரம்ப காலத்தில் பேப் என்ற பெயருக்கு மேற்கோள் குறி போட்டார், 1920-களின் முடிவில் அதை விட்டுவிட்டார். மேன்டிலின் 1950-களின் தொடக்கக் கையெழுத்து பள்ளிக்கூடப் பையன் எழுத்து மாதிரி சாதாரணமாக இருக்கும். 1980-களில் கண்காட்சி மேசையில் உட்கார்ந்து போட்டவற்றில் முதலெழுத்துகள் பெரிய வளைவுகளாக விரிந்திருக்கும். 1952-இல் எடுத்த படத்தின் புதிய பிரதியில் அந்த வளைவுக் கையெழுத்து இருப்பது இயல்பு. அதே புதிய பிரதியில் 1952-இன் எழுத்து இருந்தால் அதை எழுதியவர் மேன்டில் இல்லை.

பழைய படங்களுக்கு சந்தையில் நான்கு வகைப் பிரிவு இருக்கிறது. அசல் நெகட்டிவிலிருந்து, படம் எடுத்து ஏறக்குறைய இரண்டு வருடத்துக்குள் அச்சிட்டது முதல் வகை. அதே நெகட்டிவிலிருந்து பிற்காலத்தில் அச்சிட்டது இரண்டாவது. நகல் நெகட்டிவிலிருந்தோ, செய்தி நிறுவனம் தொலைபேசிக் கம்பி வழியாக அனுப்பிய படத்திலிருந்தோ அந்தக் காலத்திலேயே எடுத்தது மூன்றாவது. நகலிலிருந்து பிற்காலத்தில் எடுத்தது நான்காவது. ஜார்ஜ் பர்க், சார்ல்ஸ் கான்லன் போன்ற புகைப்படக்காரர்கள் தாங்களே அச்சிட்ட முதல் வகைப் பிரதியில் அந்த வீரரின் கையெழுத்தும் இருந்தால், இந்தத் துறையில் அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன். முன்புறத்தைப் பார்த்தே மயங்குகிறவர்கள் கான்லனின் முத்திரை பின்னால் இருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல், மோசடி நோக்கமே இல்லாத பொய்க் கையெழுத்துகள். நட்சத்திரங்களுக்கு வந்து குவிந்த தபாலுக்கெல்லாம் அவர்களே உட்கார்ந்து எழுதவில்லை. டெட் வில்லியம்ஸ் இளம் வயதில் இருந்தபோது வந்த வேண்டுகோள்கள் பலவற்றுக்கு அணியின் உடைமாற்று அறைப் பணியாளர் ஜானி ஒர்லாண்டோ எழுதி அனுப்பினார். கெரிக்குக்கு நோய் முற்றிய பிறகு அவர் மனைவி எலினர் எழுதினார். அந்தத் தாள் உண்மையிலேயே அந்தக் காலத்தது, மையும் அந்தக் காலத்தது, வந்த உறைகூட இருக்கும். ஆனால் கை வேறு. விற்கிற குடும்பம், தாத்தாவுக்கு நேராக வந்தது என்று சொல்வதும் உண்மையாகவே இருக்கும். அதனால் பின்னணிக் கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கையெழுத்தை நிபுணரிடம் காட்டாமல் பெரிய தொகை கொடுக்க வேண்டாம்.

இதற்கு உச்ச உதாரணம் பழைய கால நட்சத்திரம் ஷூலெஸ் ஜோ ஜாக்சன். அவருக்கு எழுதப் படிக்க வராது. தன் பெயரைச் சிரமப்பட்டு வரைவார். பெரும்பாலும் மனைவி கேட்டிதான் அவருக்காகக் கையெழுத்துப் போட்டார். 1911 வசந்தகாலப் பயிற்சியின்போது லூசியானாவின் அலெக்ஸாண்ட்ரியாவில் கிளீவ்லாந்து பத்திரிகைப் புகைப்படக்காரர் ஃபிராங்க் ஸ்மித் எடுத்த படம் ஒன்றில் ஜாக்சன் தன் கையாலேயே எழுதியிருக்கிறார். ஸ்மித்தின் ஆல்பத்தில் மற்ற வீரர்கள் கையெழுத்திட்ட படங்களோடு அதுவும் இருந்தது. 2021 அக்டோபரில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் அது 14 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போனது. எழுத்து தடுமாறி இருக்கும், அழகே கிடையாது. எடுத்தவர் யார், எங்கே, எப்போது, எந்த ஆல்பத்தில் இருந்தது என்ற சங்கிலி முழுதாக இருந்ததால்தான் அந்த எழுத்தை நம்ப முடிந்தது.

அப்புறம் சான்றிதழ்கள். 1990-களின் இறுதியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. நடத்திய ஆபரேஷன் புல்பென் விசாரணையில் ஒரு பெரிய போலிக் கும்பல் சிக்கியது. அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லி விற்க வைத்திருந்த பேஸ்பால் பந்துகள்கூட அதில் கிடைத்தன. அவர்களிடம் சான்றிதழ்களுக்குக் குறைவே இல்லை. விற்பவரே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழுக்கு எந்த மதிப்பும் கொடுக்காதீர்கள். பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் மூன்றும் கையெழுத்தைச் சோதித்துச் சான்று தருகிற, பரவலாக ஏற்கப்படும் வெளிநிறுவனங்கள். அவர்கள் தரும் எண்ணை அவர்கள் தளத்திலேயே போட்டுப் பார்த்து, அங்கே சொல்லியிருக்கும் பொருள் உங்கள் கையில் இருப்பதுதானா என்று ஒப்பிடுங்கள். ஸ்டிக்கரையும் போலியாக அடிக்கிறார்கள்.

அவர்கள் தருவது நிபுணர் கருத்துதான், நேரில் பார்த்த சாட்சி இல்லை. சாட்சி வைத்துச் செய்வது அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக் பேஸ்பாலின் சொந்தத் திட்டம், ஹோலோகிராம் ஒட்டித் தருவார்கள். தன் சொந்த அணியின் கடையில் விற்ற பொருள்களில் இருப்பது தன் கையெழுத்தே இல்லை என்று சான் டியேகோ அணியின் நட்சத்திரம் டோனி க்வின் எச்சரித்ததும் அந்தத் திட்டத்துக்கு ஒரு காரணம். ஆனால் அது 2001-இல்தான் தொடங்கியது, அதற்கு முன் மறைந்தவர்களுக்கு உதவாது. 1990-களில் விளையாட்டு அட்டைகள் வெளியிடும் அப்பர் டெக் நிறுவனம் மேன்டில் போன்றவர்களோடு ஒப்பந்தம் போட்டு நேரில் எழுதி வாங்கிய படங்கள் அந்த வகையில் நம்பகமானவை. விலை கொஞ்சம் கூடுதல், கொடுக்கலாம்.

பெயர் எழுதிய படத்தை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் வாங்குங்கள். "ஜிம்முக்கு, அன்புடன்" என்று இருந்தால் மறுவிற்பனையில் விலை குறையும் என்று பலர் ஒதுக்குகிறார்கள். 1980-களுக்குப் பிந்திய படங்களில் அது நடக்கிறது. 1950-க்கு முந்திய படங்களில் எனக்கு அதுவே தைரியம் தரும் அடையாளம். போலி போடுகிறவன் இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்ளப் பார்ப்பான். கூடுதலாக எழுதும் ஒவ்வோர் எழுத்தும் அவனைக் காட்டிக்கொடுக்கும். ஒப்பிட நிபுணருக்கும் அதிக எழுத்து கிடைக்கிறது. விலையும் குறைவு என்றால் உங்களுக்கு இரட்டை லாபம்.

புகைப்படக்காரரின் கையெழுத்தையும் விட்டுவிடாதீர்கள். 1948 ஜூன் 13, யாங்கீ ஸ்டேடியத்தில் ரூத்தின் 3 என்ற எண்ணுக்கு ஓய்வு கொடுத்த விழா. நோயில் இளைத்த ரூத் மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்பதைப் பின்னாலிருந்து எடுத்தார் நாட் ஃபைன். அடுத்த வருடம் புலிட்சர் பரிசு பெற்ற படம். எடுத்து இரண்டு மாதத்தில் ரூத் இறந்துவிட்டார். அதனால் அந்தப் படத்தில் ரூத் கையெழுத்து என்றாலே நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். 2000-இல் காலமான ஃபைன், தான் கையெழுத்திட்ட பிரதிகளை விட்டுச் சென்றிருக்கிறார். ரூத் பெயரில் வரும் சந்தேகப் பொருளுக்குப் பணத்தைக் கொட்டுவதைவிட, அந்த முதுகை நமக்குக் காட்டியவரின் உண்மைக் கையெழுத்து எவ்வளவோ மேல்.

நேரில் வாங்க ஆசை இருந்தால் நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் போங்கள். சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் அங்கேதான் இருக்கிறது. ஜூலை மாதம் புதியவர்களைச் சேர்க்கும் விழா நடக்கும் வார இறுதியில் மெயின் ஸ்ட்ரீட் கடைகளில் பழைய வீரர்கள் உட்கார்ந்து கட்டணத்துக்குக் கையெழுத்துப் போடுவார்கள். எடுத்துப்போகும் படத்தில் வெளிறிய இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். கறுப்புச் சட்டைமேல் நீல மை விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. பளபளப்பான தாள் என்றால் லேசாகப் பவுடர் தடவித் துடைத்துவிட்டுக் கொடுத்தால் மை திட்டுத் திட்டாக விலகாது. நீங்களே நீல ஷார்ப்பி கொண்டுபோங்கள். பால் பாயின்ட் தாளை அழுத்திக் கீறுமே தவிர மை சரியாக இறங்காது.

பாதுகாப்பில் முதல் எதிரி வெயில். நீல மை வெளிச்சத்தில் வருடக் கணக்கில் வெளுத்துக்கொண்டே போகும், திரும்ப வராது. புற ஊதா தடுக்கும் கண்ணாடி போட்டாலும் ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். கண்ணாடி படத்தில் நேராக ஒட்டாதபடி நடுவே அமிலமில்லாத அட்டை மவுன்ட் வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஈரப்பதத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். லேமினேட் செய்யவே கூடாது. பின்புறம் டேப் ஒட்டாதீர்கள், பேனாவால் குறிப்பும் எழுதாதீர்கள். பழைய விளக்கக் குறிப்பு பிய்ந்து வந்தால் தூக்கிப் போடாமல் தனி மைலார் (தெளிவான பாலியெஸ்டர்) உறையில் படத்தோடு சேர்த்து வையுங்கள். யாரிடம், எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்ற ரசீதும் அதே பெட்டியில் இருக்கட்டும். விலை உயர்ந்த படம் என்றால் நல்ல தரத்தில் ஸ்கேன் எடுத்து அச்சிட்டு அதைச் சுவரில் மாட்டிவிட்டு, அசலை வீட்டுக்குள் அதிகம் சூடாகாத அறையின் அலமாரியில் படுக்கைவாட்டில் வையுங்கள். பரண், அடித்தள அறை இரண்டும் வேண்டாம்.